விலக்கிக் காணும் பொறுமை

பொறுமை என்றால் காத்திருத்தல் என்றே பலரும் கருதுகின்றனர். ஆராய்ச்சித் துறையில் அச்சொல்லுக்கு ஆழ்ந்த பொருள் உண்டு. முயற்சியை முழு மனத்துடன் செய்தல், பயன் தராததைத் தயங்காமல் விலக்குதல், விலக்கியதிலிருந்து கற்று மீண்டும் தொடங்குதல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஆய்வாளரின் பொறுமை. கரும்பு ஆராய்ச்சி இதற்குத் தெளிவான சான்று.

பூவுக்காக ஓர் ஆண்டு

கோவையிலிருந்து ஆனைகட்டி வழியாக மேற்கே சென்றால் பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி மலைப்பகுதி வருகிறது. அங்குள்ள அகளியில் கோவைக் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் ஆய்வு மையம் இயங்குகிறது. கரும்பு பூப்பதை உழவர் விரும்புவதில்லை. பூத்தபின் தண்டு நாளடைவில் சக்கையாகிவிடும். ஆய்வாளருக்கோ பூவே தொடக்கம். கரும்பு எல்லா இடங்களிலும் நன்கு பூப்பதில்லை. அகளியின் தட்பவெப்பம் அதற்கு ஏற்றது. கலப்பிட வேண்டிய இரு வகைகளும் ஒரே காலத்தில் பூக்க வேண்டும். தவறினால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதுதான்.

விதையிலிருந்து முளைக்கும் ஒவ்வொரு நாற்றும் தாய் தந்தையிடமிருந்தும் உடன்பிறந்தவற்றிடமிருந்தும் வேறுபடுகிறது. எது சிறக்கும் என்பதை வளர்த்துப் பார்த்தே அறிய முடியும். இனிப்பு மிகுந்தது காற்றில் சாயலாம். உறுதியாக நிற்பதில் சாறு குறையலாம். இரண்டும் அமைந்தது நோய்க்கு இரையாகலாம். ஆயிரக்கணக்கான நாற்றுகளில் பெரும்பாலானவை இவ்வாறு விலக்கப்படுகின்றன. எஞ்சிய சிலவற்றைக் கரணைகளால் பெருக்கி, நடவுப் பயிரிலும் மறுதாம்பிலும், பல ஊர்களின் மண்ணிலும் சோதிக்கின்றனர். ஒரு வகை உழவர் கைக்கு வர 12 முதல் 15 ஆண்டுகள் ஆகின்றன.

பெயரே சாட்சி

1912-இல் கோவையில் இப்பணி தொடங்கியது. பார்பர், டி. எஸ். வெங்கட்ராமன் ஆகியோர் காலத்தில், ‘வெள்ளை’ என்ற கரும்பைக் காட்டுக்கரும்புடன் கலப்பிட்டு உருவான ‘கோ 205’ 1918-இல் வெளிவந்தது. காட்டுக்கரும்பு வலிமையைத் தந்தது. கூடவே மெலிந்த தண்டையும் குறைந்த இனிப்பையும் தந்தது. எனவே பிற்காலக் கலப்புகளில் இனிய கரும்புடன் திரும்பத் திரும்பச் சேர்க்க வேண்டியிருந்தது.

தமிழக உழவர் நன்கறிந்த ‘கோ 86032’ வகையின் பெயரில் முதல் இரு எண்கள், அது தேர்வு பெற்ற 1986-ஆம் ஆண்டைக் குறிப்பவை. அது வெளியிடப்பட்டதோ 2000-இல். இடைப்பட்ட 14 ஆண்டுகளின் உழைப்பை அப்பெயர் சுமந்து நிற்கிறது.

வெற்றியும் ஒரு சோதனை

இந்நிறுவனத்தின் கர்னால் மையம் உருவாக்கிய ‘கோ 0238’ 2009-இல் வெளிவந்து, உத்தரப்பிரதேசக் கரும்பு நிலங்களின் பெரும்பகுதியில் பரவியது. பின்னர் செவ்வழுகல் நோய் அதையும் தாக்கியது. புகழ்பெற்ற வகையையும் விலக்கி, மாற்று வகைகளைத் தேட வேண்டியதாயிற்று.

தோல்வியை அவமானமாகக் கருதுபவர் பாதி வழியில் நின்றுவிடுகிறார். வெற்றியைத் தம் உடைமையாகப் பற்றிக்கொள்பவர், அது பழுதானபின்னும் விட மனமின்றித் தவிக்கிறார். உண்மையை மட்டும் நாடுபவருக்கு இவ்விரு துன்பங்களும் இல்லை. படிப்பிலும் தொழிலிலும் மனத்தைப் பண்படுத்துவதிலும் இதுவே நெறி: இன்று பயன் தராதது எது, ஏன் என்று நேர்மையாகக் குறித்துக்கொள்ள வேண்டும், நாளை மீண்டும் விதைக்க வேண்டும்.