வேப் கருவியில் சக்தி குறைகிறதா? முதலில் பற்றரியைப் பாருங்கள்



பிரிட்டனில் ஒருமுறை பாவித்து வீசும் வேப்களின் விற்பனை 2025 ஜூன் 1 முதல் தடை செய்யப்பட்டது. பற்றரி மாற்றிப் பாவிக்கும் கருவிகளை விற்பவர்களுக்கு ஒரு முறைப்பாடு பழக்கமானது: "80 வாட் வைத்தேன், சக்தி வரவில்லை." பணத்தைத் திருப்பிக் கொடுக்குமுன் ஒரு கணக்குப் போடுங்கள்.

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் அம்பியர் வரும். பாவிக்கும்போது ஒற்றைப் பற்றரி 3.2 வோல்ட்டுக்கு இறங்கினால், 80 வாட்டுக்கு 25 அம்பியர் தேவை. 18650 அளவில் 20 அம்பியர் தரும் பற்றரியே நல்லது எனப்படும். ஆகவே கருவி தானாகவே சக்தியைக் குறைக்கிறது, அது பழுதல்ல. 50 வாட்டுக்கு இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் வேண்டுபவருக்கு இரட்டைப் பற்றரிக் கருவியே பொருத்தம்.

பிறகு கவனிக்க வேண்டியவை:

1. இரண்டு பற்றரிகளும் ஒன்றாக வாங்கிய ஒரே வகையா?
2. தொடுமுனைகளில் அழுக்கு உள்ளதா?
3. பற்றரியின் மேலுறை கிழிந்துள்ளதா? கிழிந்திருந்தால் பாவிக்கவே கூடாது. சாவி, சில்லறையுடன் பையில் கிடந்தால் தீப்பற்றும்.

பழைய வேப்களைத் திரும்ப ஏற்பது விற்பவரின் சட்டக் கடமை. அவற்றைக் கடைக் குப்பையில் போடாதீர்கள். ஒரு கருவியைத் திருப்பி எடுத்தால் அன்றைய இலாபம் போகும். ஒரு பற்றரி வெடித்தால் கடையே போகும்.