இசைத்தட்டில் இரைச்சல் ஏன்?



சங்கக் கூட்டத்தில் மேடை மைக்கின் ஒயர் மண்டபத்தின் நீளத்துக்குப் போகிறது, இரைச்சல் இல்லை. என் வீட்டு ரெக்கார்டு பிளேயரின் ஒயர் ஒரு மீட்டர்தான். ஆனாலும் பாட்டுக்கு அடியில் 'உம்' என்று ஓயாத சத்தம். "மூன்று பின் சாக்கெட் உள்ள ஆம்ப்ளிபயர் போட்டால் போய்விடும்" என்றார் விற்றவர். பெரிய தொகை கொடுத்து வாங்கினேன். சத்தம் போகவில்லை. அதன் பிறகே விவரம் கற்றேன்.

பாத்திரத்தில் எண்ணெய் நிறுக்குமுன் மறுதட்டில் தடை கட்டுகிறோம். பாத்திரத்தின் எடை கழிந்து, எண்ணெயின் எடை மட்டும் நிற்கிறது. பேலன்ஸ்டு இணைப்பும் இதே கணக்குத்தான்.

பிளேயரின் முள் இருக்கும் கார்ட்ரிட்ஜ், மூவிங் மேக்னெட் வகையானால் சுமார் 5 மில்லிவோல்ட் தரும். மூவிங் காயிலில் பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. பக்கத்திலேயே 230 வோல்ட் வீட்டு மின்சாரம் ஓடுகிறது. அதன் இரைச்சல் ஒயரில் ஏறத்தான் செய்யும்.

ஆர்.சி.ஏ. பின் உள்ள சாதாரண ஒயர் சிங்கிள் எண்டட் வகை. உள்ளே ஒரு கம்பி. அதைச் சுற்றியுள்ள ஷீல்டே பாட்டு திரும்பும் வழி. ஷீல்டில் சேரும் இரைச்சலும் பாட்டோடு கலந்துவிடும்.

பேலன்ஸ்டு ஒயரில் பாட்டுக்கு இரண்டு கம்பி, ஷீல்டு தனி. இரைச்சல் இரு கம்பியிலும் சமமாக ஏறும். ஆம்ப்ளிபயர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் இரைச்சல் கழிந்துவிடும். மேடை மைக்கின் ரகசியம் இதுதான்.

கார்ட்ரிட்ஜில் இடது, வலது பக்கங்களுக்கு இரண்டிரண்டாக நான்கு முனைகள் உண்டு. ஆகவே பிளேயரையே மாற்ற வேண்டியதில்லை. தகுந்த ஒயரும் ஆம்ப்ளிபயரும் போதும். சில மூவிங் மேக்னெட் வகைகளில் ஒரு முனை உலோகக் கூட்டோடு சேர்ந்திருக்கும். அதைப் பிரித்த பிறகே பேலன்ஸ்டாக இணைக்க வேண்டும்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை:

1. முதலில் டோன் ஆர்மிலிருந்து வரும் தனி எர்த் கம்பி, ஆம்ப்ளிபயரின் எர்த் திருகில் இறுகியுள்ளதா என்று பாருங்கள். இதற்குச் செலவே இல்லை.

2. பிளேயரை டிரான்ஸ்பார்மருக்குத் தள்ளி வையுங்கள். கார்ட்ரிட்ஜின் காயிலே இழுத்துக்கொள்ளும் இரைச்சலை எந்த ஒயரும் கழிக்காது.

3. அப்படியும் சத்தம் இருந்தால் மட்டும் பேலன்ஸ்டு வாங்குங்கள். 2, 3ஆம் பின்களின் வித்தியாசத்தை எடுக்கிறதா, 3ஆம் பின்னை எர்த்தோடு சேர்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். சேர்த்திருந்தால் அது சிங்கிள் எண்டட்தான். பதிலை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

நான் வாங்கியதை மெக்கானிக் திறந்து பார்த்தார். 3ஆம் பின் எர்த்தில்தான் இருந்தது. தளர்ந்து கிடந்த எர்த் கம்பியை அவர் இறுக்கியதுமே சத்தத்தில் பெரும்பகுதி போய்விட்டது. குத்தூசி போட்டுப் பார்க்காமல் ஒரு மூட்டைக்கும் விலை பேசாத நான், சாக்கெட்டைப் பார்த்துப் பணம் கொடுத்துவிட்டேன். நீங்கள் ஏமாற வேண்டாம்.