ஒப்புகை அட்டையை எடுத்து வை

அன்புள்ள தம்பிக்கு,

உன் ரிட் மனுவை இரண்டு முறை படித்தேன். 2013-ல் தண்டையார்பேட்டையில் எண்ணெய்க் குழாய் கசிந்து, கிணற்றுத் தண்ணீரில் பெட்ரோல் வாடை அடித்தபோது நீ பள்ளிக்கூடப் பையன். அந்தக் கோபம் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. ஆனால் ஒன்றைக் காணோம். தண்ணீரைச் சோதிக்கச் சொல்லி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெருக்காரர்கள் மனு கொடுத்தது எந்தத் தேதியில்?

மனுவை ஏற்கலாமா என்று பார்க்கும் அட்மிஷனில் நீதிபதி முதலில் தேடுவது அதைத்தான். அரசியலமைப்பின் 226-வது பிரிவு உயர் நீதிமன்றத்துக்குத் தருவது பரந்த அதிகாரம். ஆனாலும் வந்த வழக்கையெல்லாம் எடுத்தே தீர வேண்டும் என்றில்லை. உனக்குக் கிடைக்கும் இரண்டு மூன்று நிமிஷத்தில், யாருக்கு என்ன கடமை, கேட்டும் செய்யவில்லையா, ஏன் இவ்வளவு தாமதம், வேறு மன்றம் இருக்க இங்கே ஏன் என்று அவர் பார்த்துவிடுவார்.

கடைசிக் கேள்விக்குத் தயாராகப் போ. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறதே என்று எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும். மாற்று வழி இருப்பது முழுத் தடை ஆகாது. அடிப்படை உரிமை பாதிக்கப்பட்டால் ரிட் வரலாம் என்று 1998-ல் வேர்ல்பூல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பாயச் சட்டத்தால் 226 சுருங்கவில்லை என்று 2022-லும் சொன்னது. நஷ்டஈட்டுக்கோ தீர்ப்பாயத்தில் ஐந்து வருஷக் கெடு. 2013 கசிவுக்கு அது எப்போதோ கடந்துவிட்டது. இன்றைய தண்ணீரை இன்று சோதிக்கச் சொல்லி நீ கேட்பது சரியான கோரிக்கை. அதை மட்டும் கேள்.

ஜூனியராக இருந்தபோது காசிமேட்டு அம்மா ஒருவருக்காக மனு போட்டேன். ஒரு அலுவலகம் அவருடைய விண்ணப்பத்தை மாதக்கணக்கில் கிடப்பில் போட்டிருந்தது. விண்ணப்பமே வரவில்லை என்றார் அரசு வழக்கறிஞர். அந்த அம்மா ரேஷன் கார்டு உறைக்குள்ளிருந்து தபால் ஒப்புகை அட்டையை எடுத்து நீட்டினார். மீன் வாடை அடித்தது. முத்திரை பாதி அழிந்திருந்தது. நீதிபதி அதை வெளிச்சத்தில் சாய்த்துத் தேதியைப் படித்தார். "எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ்" என்றார். நான் தயாரித்துப் போயிருந்த வாதத்தில் ஒரு வரிகூடப் பேசவில்லை.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. "பன்னிரண்டு வாரத்தில் பரிசீலிக்கவும்" என்ற உத்தரவோடு வீடு திரும்பிவிடாதே. பரிசீலித்து நிராகரித்தாலும் உத்தரவை நிறைவேற்றியதாகிவிடும். எந்தக் கிணறு, எந்த ஆய்வகம், எத்தனை நாளில் முடிவு என்று கோரிக்கையிலேயே எழுது.

வாரியத்துக்கு மனு அனுப்பிய ஒப்புகை அட்டை தெருவில் யாரிடமாவது இருக்கிறதா என்று கேள். இல்லையென்றால் ரிட் மனுவை நிறுத்திவை; தண்ணீரைச் சோதிக்கக் கேட்டு நாளைக்கே வாரிய அலுவலகத்தில் ஒரு மனுவை நேரில் கொடுத்து, நகலில் சீல் வாங்கு. சனிக்கிழமை மெட்ரோ பிடித்து வா. முதல் பக்கத்தைச் சேர்ந்து எழுதுவோம்.

அன்புடன்,
உன் அண்ணன்