துடுப்பு போட்டால் ஏன் வியர்க்கிறது?

எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் இடம் முகத்துவாரக்குப்பம். அக்கரையில், 1994-ல் ஓட ஆரம்பித்த வடசென்னை அனல்மின் நிலையம். இக்கரையில் துடுப்பு போடும் மீனவர். இருவரும் செய்வது ஒரே வேலை என்றால் சிரிப்பீர்கள்!

நிலக்கரிக்குள் அடைந்து கிடப்பது வேதியாற்றல். எரித்தால் வெப்பம். அது பாய்லர் தண்ணீரை நீராவியாக்க, நீராவி டர்பைனைச் சுழற்ற, ஜெனரேட்டரில் மின்சாரம் பிறக்கிறது. இத்தனை கை மாறியதில் மின்சாரமாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மிச்ச வெப்பம் புகைபோக்கி வழியே காற்றுக்கும், சுடுநீராகக் கழிமுகத்துக்கும் போகிறது. (அந்தச் சுடுநீரும் சாம்பலும் மீன்பாட்டை என்ன செய்தன என்பதைக் குப்பத்துக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.)

மீனவர் குடித்த கஞ்சியிலும் இருப்பது வேதியாற்றலே. மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி. தசை செலவழிப்பதில் உழைப்பாக மாறுவது கால் பங்கு தேறினால் அதிகம். பாக்கியெல்லாம் சூடு!

அதை வெளியேற்ற நமக்கிருப்பது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கலோரி வெப்பம் போய்விடும். ஆனால், ஆவியாக வேண்டுமே! கடலோரப் புழுக்கத்தில் சொட்டுச் சொட்டாகக் கீழே விழும் வியர்வையால் பிரயோஜனமில்லை. 'வெயிலே இல்லையே' என்று உழைப்பவர்கூட சுருண்டு விழுவது இதனால்தான்.

தலைசுற்றல், குமட்டல் வந்தால் வேலையை நிறுத்துங்கள். நிழலில் உட்காரவைத்து, ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். உப்பு போட்ட நீர்மோர் கொடுக்கலாம். பேச்சு குழறினாலோ நினைவு தப்பினாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடம்பில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.