வில் இல்லாத ரேஞ்சர் சாகமாட்டான்

பொங்கல் விடுமுறையில் குத்தாலத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நாலைந்து கல்லூரிப் பிள்ளைகள் கூடுவார்கள். பாயை விரித்து, இருபது முகப் பகடையை உருட்டி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை ஆட்டம் ஆடுவார்கள். கதை நடத்துவது நான். இந்த வருஷம் என் தங்கை மகன் தன் பாத்திரமாக, தடம் படித்து வேட்டையாடும் வீரனான ஒரு ரேஞ்சரை எழுத உட்கார்ந்தான். இருட்டில் சத்தமில்லாமல் போய், எதிரிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நின்று கத்தியால் முடிக்கிறவன். பாதி எழுதுவதற்குள் பக்கத்திலிருந்த பையன் சொன்னான்: "டேய், ரேஞ்சர்னா வில்லுதான்டா. கத்திய எடுத்துக்கிட்டு கிட்ட போனா மூணாவது ரவுண்டுலயே செத்துடுவான்." இவன் உடனே ரப்பரை எடுத்து அழிக்க ஆரம்பித்தான். "மாமா, அப்ப வில்லே போட்டுடவா?"

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கும்பகோணத்தில் ஆடுகிறவனும் சொல்கிறான், சென்னையில் ஆடுகிறவனும் சொல்கிறான். விதிப்புத்தகத்தைத் திறந்து பார்த்துச் சொல்கிறவன் ஒருவன் இல்லை.

முதலில் சரித்திரம். இந்த ஆட்டம் வெளிவந்தது 1974-இல். அடுத்த வருஷமே 'தி ஸ்ட்ராடஜிக் ரெவ்யூ' இதழில் ஜோ ஃபிஷர் ரேஞ்சரை அறிமுகம் செய்தார். அதற்கு அச்சு டோல்கீன் கதையில் வரும் அரகோர்ன். அரகோர்னின் பெயரோடு ஒட்டி நிற்பது வாளா, வில்லா? 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பு, கனமில்லாத கவசம் போட்ட ரேஞ்சருக்கு இரண்டு கையிலும் ஆயுதம் பிடித்துச் சண்டையிடும் திறமையைக் கொடுத்தது. வில்லை ரேஞ்சருக்குரிய தனி வழியாக மூல விதிநூல் எழுதியது 2003-இல்தான். அப்போதும் இரண்டு வழிகளில் ஒன்றாகத்தான். ஆக, 'ரேஞ்சர் என்றாலே வில்' என்பது பழைய மரபுகூட இல்லை.

அடுத்தது கணக்கு. நாங்கள் ஆடுவது 2014 பதிப்பு. இரண்டாம் நிலை ரேஞ்சர் ஒருவனை எடுத்துக்கொள்ளுங்கள். டெக்ஸ்டெரிட்டி, அதாவது சுறுசுறுப்பு, கூட்டல் 3. ஆணி பதித்த தோல்கவசம் போட்டால் கவச எண் 15. நீள்வில்லுக்கு இரண்டு கையும் வேண்டும், அதனால் கேடயம் பிடிக்க முடியாது. அவன் 15-லேயே நிற்பான். ரேப்பியர் வாள் ஒரு கையில், கேடயம் மறு கையில் என்றால் 17. கேடயம் பதுங்குவதற்குக் குறுக்கே வராது. ரேப்பியர் ஃபினெஸ் ஆயுதம் என்பதால் அதற்கும் டெக்ஸ்டெரிட்டியே போதும். ஒற்றைக் கை ஆயுதத்துக்கான டூயலிங் பாணியை எடுத்தால் ஓர் அடிக்குச் சராசரி 9.5 சேதம். நீள்வில் அம்புக்கு 7.5. வில்காரனுக்குக் குறி தவறாமலிருக்கக் கூட்டல் 2 கிடைக்கும், உண்மை. அதை மறைக்க மாட்டேன். ஆனால் எதிரி 5 அடிக்குள் வந்துவிட்டால் வில்காரன் இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும். நம் கதைகளில் பாதி நடப்பது இருபது முப்பது அடி அகலமுள்ள அறைகளில். 150 அடி தூரம் எய்கிற வில் அங்கே எதற்கு? "கிட்டப் போனால் சாவான்" என்று மிரட்டுகிறவர்கள், எதிரிதான் கிட்ட வருவான் என்பதை யோசிப்பதே இல்லை.

புத்தகத்தை மூடிவிட்டு என் தொழிலுக்கு வருகிறேன். வேளாண்மைத் துறையில் வரப்பு வரப்பாக நடந்து தலை நரைத்தவன் நான். எலிதான் என் முக்கால்வாசி வேலை. சம்பா அறுப்பு முடிந்த ஒரு காலையில் இருளர் ஒருவர் எலி பிடிப்பதைக் கூடவே இருந்து பார்த்தேன். வரப்பில் பத்துப் பன்னிரண்டு வளை. வாயில் காய்ந்த மண் கிடந்த வளைகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஈரமண் புதிதாகத் தள்ளியிருந்த ஒன்றின் முன்னால் குந்தினார். மற்ற வாய்களைச் சேற்று உருண்டையால் அடைத்தார். பானையில் வைக்கோலைக் கொளுத்தி, அதன் ஓட்டை வழியாக வாய் வைத்து ஊதிப் புகையை உள்ளே ஏற்றினார். அப்புறம் வெட்டிக்கொண்டே போய், மணிக்கட்டு வரை கையை விட்டு எடுத்தார். அவ்வளவு நேரமும் அவர் பாதம் ஒரு தடவைகூட மண்ணில் அதிரவில்லை; என்னை மட்டும் இரண்டு தடவை கையசைத்து உட்காரச் சொன்னார். தடம் படிப்பது, சத்தமில்லாமல் நெருங்குவது, கையால் முடிப்பது. ரேஞ்சர் என்பதற்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்?

இது ஏதோ கிராமத்து வேடிக்கை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2017-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா சதுப்பில் பெருகிப்போன பர்மிய மலைப்பாம்புகளைத் தேட, நம் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் அழைத்துப் போனது. அவர்கள் நம்பியது கண்ணையும் கையையும். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒருவர் தோளிலும் வில் இல்லை.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மூச்சைச் செலவழிக்கத் தேவையில்லை.

கறுப்பு உடை போட்டால் பதுங்கலாம் என்கிறார்கள். நிலா வெளிச்சத்தில் நடவு வயலின் நடுவே கறுப்பாக ஒருவன் நின்றால் அரை மைலுக்குத் தெரியும். உடை நிறத்துக்கு விதிநூலில் ஓர் எண்ணும் கிடையாது.

ரேஞ்சருக்குக் காடும் மலையும் வேண்டுமாம். எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டதும் அருவியை விசாரிக்கிறவர்கள்தான் இதையும் சொல்வார்கள். அது தென்காசிப் பக்கத்துக் குற்றாலம். இது மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில், காவிரிக் கரையில் இருக்கிற குத்தாலம். மேடு என்று சொல்ல வரப்பைத் தவிர ஒன்றுமில்லை. விதிநூலில் ரேஞ்சர் தேர்ந்தெடுக்கும் நிலப் பட்டியலில் சதுப்பும் கடற்கரையும் புல்வெளியும் இருக்கின்றன. எங்கள் பிள்ளைகளுக்கு அது போதும்.

இரண்டு கத்தி வைத்தால்தான் அழகு என்பது இரண்டு வாளோடு திரியும் டிரிஸ்ட் என்ற ரேஞ்சரின் கதைகளைப் படித்த மயக்கம். இரண்டாவது கத்தியை வீச, ஒரு முறைக்கு ஒன்றே கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷன் வேண்டும். எதிரிக்குக் கூடுதல் சேதம் தரும் ஹன்டர்ஸ் மார்க் மந்திரம் போடவும் அதே போனஸ் ஆக்‌ஷன்தான். முதல் ரவுண்டிலேயே ஒன்றோடு ஒன்று முட்டும். ஆசைப்பட்டால் வைத்துக்கொள்ளட்டும்.

இரும்புக்கவசம் போட்ட ஒரு கூட்டாளி இருந்தால் பதுங்கல் வீண் என்பதும் தப்பு. ஐந்தாம் நிலையில் கிடைக்கும் பாஸ் வித்தவுட் டிரேஸ் மந்திரம், 30 அடிக்குள் இருக்கும் தோழர்கள் அனைவருக்கும் பதுங்குவதற்கான ஸ்டெல்த் உருட்டலில் 10 கூட்டித் தரும், ஒரு மணி நேரம் வரை. ஹன்டர்ஸ் மார்க்கோடு சேர்த்து அதைத் தாங்க முடியாது, இரண்டுக்கும் ஒரு நேரத்தில் ஒரு மந்திரத்துக்கே முடிகிற கான்சென்ட்ரேஷன் வேண்டும். நெருங்கும் வரை ஒன்று, கத்தி எடுத்ததும் மற்றொன்று. மூன்றாம் நிலையில் க்ளூம் ஸ்டாக்கர் வழியை எடுத்தால் சண்டையின் முதல் முறையில் 10 அடி கூடுதலாக ஓடி, ஓர் அடி கூடுதலாக அடிக்கலாம். அந்த அடி அம்பாக இருக்க வேண்டுமென்று எங்கும் எழுதவில்லை.

இன்னொரு ரேஞ்சரைப் பற்றிச் சொல்லாமல் விட மனசில்லை. கூகை. கறுப்பில்லை, வெளிறிய உடம்புதான்; ஆனாலும் பதுங்கி வரும், சிறகுச் சத்தம் கேட்காது. முன்விளிம்பு இறகுகளில் சீப்புப் பல் போன்ற ஓரம் காற்றின் ஓசையை அடக்கிவிடுகிறது. கும்மிருட்டிலும் காதால் மட்டுமே எலியின் இடத்தைக் கண்டுகொள்ளும் என்று 1971-இல் ரோஜர் பெய்ன் சோதித்து எழுதினார். தாழப் பறந்து, நகத்தால் முடிக்கும். நம் ஊரிலோ அது அலறினால் சாவு வரும் என்று கல்லெறிகிறோம். அது குடியிருக்கும் பொந்துப் பனையைச் செங்கல் சூளைக்கு வெட்டித் தள்ளுகிறோம். அப்புறம் எலி கூடிவிட்டது என்று கடையில் புரோமடியோலோன் கட்டி வாங்கி வைக்கிறோம். அந்த எலியைத் தின்னும் கூகைக்கும் நஞ்சு போய்ச் சேர்கிறது. தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டால் கூகை வந்து உட்காரும் என்று துறையில் இருந்த காலமெல்லாம் தொண்டை கிழியச் சொன்னேன். செலவில்லாத வேலை. செய்தவர்கள் சொற்பம்.

தங்கை மகன் அழித்ததைத் திரும்ப எழுதினான். ரேப்பியர், கேடயம், நிலம் சதுப்பு, பெயர் கூகை. மறுநாள் காலையில் அவனையும் அந்த வில்காரப் பையனையும் கூட்டிக்கொண்டு உளுந்து விதைத்திருந்த வயலுக்குப் போய் ஆறு மட்டை நட்டோம். நாலாம் நாள் விடியலில் வாய்க்கால் ஓரத்து மட்டையில் வெள்ளையாக எச்சம் வழிந்திருந்தது. அடியில் எலி மயிரும் சின்ன எலும்புகளும் சுருண்ட உருண்டை ஒன்று கிடந்தது. வில்காரப் பையன் அதைக் குச்சியால் பிரித்து மண்டையோட்டைத் தனியே எடுத்து, "மாமா, இது ஒரே அடிதானே?" என்று கேட்டான்.