911ஐ அழைத்தபின் போனைக் கீழே வையுங்கள்

பக்கத்தில் ஒருவர் மயங்கி விழுந்து, தட்டிக் கூப்பிட்டும் அசையவில்லை, மூச்சும் சீராக இல்லையா? 911ஐ அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் தலைமாட்டில் வையுங்கள். இனி இரண்டு கையும் வேண்டும். ஆங்கிலம் தடுமாறினால் 'டமில்' என்றாலே போதும், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். செய்ய வேண்டியதை மறுமுனையில் இருப்பவரே படிப்படியாகச் சொல்லித் தருவார், நீங்களாகத் துண்டிக்காதீர்கள்.

நெஞ்சின் நடுவில், குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். இதயத்துக்கு மின்அதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவியைத் தேட இன்னொருவரை அனுப்புங்கள். ரொறன்ரோவின் சமூக நிலையங்கள், ஐஸ் அரங்குகள் பலவற்றில் அது இருக்கும். கொண்டோ என்றால் ஆம்புலன்ஸ் குழுவுக்காகக் கீழே போய் லிஃப்டைப் பிடித்துவைக்கவும் ஓர் ஆள் தேவை.

உதவப் போனால் வழக்கு வருமோ என்ற பயம் நம்மவருக்குக் கொஞ்சம் அதிகம்தான். ஒன்ராறியோவின் 2001ஆம் ஆண்டு 'நல்ல சமாரியன்' சட்டம், கூலி எதிர்பாராமல் உதவுபவருக்கு, படுமோசமான கவனக்குறைவு இல்லாதவரை காப்புத் தருகிறது.

இப்படியொரு அவசரத்துக்கு முன்கூட்டியே, அம்மா, அப்பாவின் போனில் மருத்துவ விபரப் பகுதியைத் திறந்து மருந்து, ஒவ்வாமை, உங்கள் இலக்கம் ஆகியவற்றைப் பதிந்துவிடுங்கள். பூட்டைத் திறக்காமலே மற்றவர் பார்க்கும்படி அமைப்பையும் மாற்றுங்கள்.