சூடானால் நிற்கும் வேன்: பாகத்தை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை



செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், அதற்கு வடக்கே கோவளம், தெற்கே சதுரங்கப்பட்டினம் என்று நம் பகுதியில் பழைய பெட்ரோல் ஆம்னி வேனை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் பல. பள்ளிப் பிள்ளைகள், மீன் கூடை, கல்யாணச் சமையல் பாத்திரம், ஜனாஸாவுக்குப் போகும் உறவினர்கள், எல்லாம் அதில்தான். ஆம்னி தயாரிப்பு 2019-இல் நின்றுவிட்டது. இப்போது ஓடுபவை எல்லாம் வயதான வண்டிகள்.

வண்டிப் பழுதுக்குக் கடனுதவி கேட்டு நம்மிடம் வருபவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கிறது. காலையில் நன்றாகக் கிளம்பும். லுஹர் நேரத்து வெயிலில் நின்று நின்று போகும்போது எஞ்சின் சட்டென்று அணைந்துவிடும். செல்ஃப் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. அரை மணி கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். பட்டறைக்குக் கொண்டுபோனாலோ அங்கே நிற்காது! முதலில் பெட்ரோல் பம்ப் மாறும், அடுத்து பிளக், காயில், கடைசியில் “ஈ.சி.எம். போயிருக்கும்” என்பார்கள். பணம் போனபின்னும் கோளாறு அப்படியே இருக்கும்.

மெக்கானிக்குகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கோளாறு கண்முன் இல்லாதபோது யாராக இருந்தாலும் அனுமானிக்கத்தான் முடியும். அதனால் வண்டி நின்ற அந்த அரை மணி நேரத்தில் ஓட்டுநர் என்ன பார்த்தார் என்பதுதான் முக்கியம். இதைத் தெரிந்துகொள்ள மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை.

வண்டியை ஓரம்கட்டி, பிள்ளைகளைச் சாலையோரம் பாதுகாப்பாக இறக்கிவிட்டு, செல்ஃப் அடிக்காமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். டேஷ்போர்டில் ‘செக் எஞ்சின்’ விளக்கு எரிய வேண்டும். பெட்ரோல் டேங்க் பக்கம் இரண்டு மூன்று விநாடி மெல்லிய இரைச்சல் கேட்டு அடங்க வேண்டும். அது பம்பின் சத்தம். விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை என்றால் ஈ.சி.எம்.முக்கே கரண்ட் போகவில்லை என்று சந்தேகிக்கலாம். மெயின் ரிலே, ஃபியூஸ், சாவி சுவிட்ச் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். விளக்கு எரிந்து சத்தம் மட்டும் இல்லையென்றால் பம்ப் ரிலே, பம்புக்குப் போகும் கப்ளர், அதன் எர்த், அதன்பிறகே பம்ப்.

இரண்டும் சரியாக இருந்தும் கிளம்பவில்லையா? அப்போது தீப்பொறி வருகிறதா என்று மெக்கானிக் ஸ்பார்க் டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும். வயரைக் கையில் பிடித்துப் பார்க்கும் பழைய பழக்கம் இந்த வண்டிகளில் ஆபத்து. எஞ்சின் சுற்றுகிறது என்ற சேதியை ஈ.சி.எம்.முக்குச் சொல்வது கிராங்க் அல்லது கேம் சென்சார். அந்தச் சேதி வராவிட்டால் தீப்பொறியும் வராது, பெட்ரோலும் தெளிக்காது. சூட்டில் இணைப்பு விட்டுப்போய் ஆறியதும் மீண்டும் சேர்ந்துகொள்வது இந்தச் சென்சாருக்கும் காயிலுக்கும் வழக்கமான நோய். ஆறியபின் சோதித்தால் எதுவும் தெரியாது என்பதற்குக் காரணம் இதுதான்.

இனி நம் கடற்கரைக்கே உரிய விஷயம். உப்புக் காற்று எர்த் வயரின் முனையையும் கப்ளருக்குள் இருக்கும் ஊசிகளையும் மெல்ல அரிக்கும். வெளியே பளிச்சென்று இருக்கும், உள்ளே பச்சைப் பூப்பு பூத்திருக்கும். சென்சார்கள் பேசுவதெல்லாம் 5 வோல்ட்டுக்குள். அதில் அரை வோல்ட் கணக்குத் தப்பினால் ஈ.சி.எம். பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ விடும். ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். கறுப்பு முனையை பேட்டரியின் மைனஸிலும், சிவப்பு முனையை எஞ்சின் உலோகத்திலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட் அளவில் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் முனைகளைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி முடுக்கிய பிறகே மற்றதைப் பேச வேண்டும். இந்த வேலைக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. கடலோர வண்டிக்கு நாம் முதலில் செய்யச் சொல்வதும் இதையே. எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு கப்ளரையும் லேசாக அசைத்துப் பார்ப்பதும் நல்லது. எதை அசைக்கும்போது எஞ்சின் தடுமாறுகிறதோ கோளாறு அங்கேதான்.

ஸ்கேனர் போட்டால் தெரிந்துவிடுமே என்பார்கள். நம் நாட்டில் ஓ.பி.டி. கட்டாயமாகத் தொடங்கியது 2010-க்குப் பிறகுதான். அதற்கு முந்திய வண்டிகளில் கடையில் விற்கும் மலிவான ஸ்கேனர் பலவேளை பேசாது. சில பழைய சுசுகி வகை வண்டிகளில் சோதனை கனெக்டரில் இரு முனைகளை இணைத்தால் செக் எஞ்சின் விளக்கே விட்டுவிட்டு மின்னி எண்ணைச் சொல்லும். 12 என்றால் கோளாறு எதுவும் பதிவாகவில்லை. எந்த இரு முனைகள் என்று தெரிந்தவர் மட்டும் இதைச் செய்யட்டும். வேறு எண் வந்தாலும் அது காட்டுவது ஒரு சென்சாரின் சுற்றை. சென்சார், வயர், கப்ளர், எர்த் எதுவும் அதற்குள் அடக்கம். எண் வந்த உடனே சென்சாரை வாங்க ஓடாதீர்கள்.

எப்போதாவது மட்டும் எடுக்கும் வண்டிக்கு இன்னொன்று. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களுக்கும் ஒத்துவராது. வாரம் ஒருமுறையாவது ஓட்டுங்கள், ஹோஸ்களில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். பெட்ரோல் லைனில் ஓட்டும்போது அழுத்தம் இருக்கும். சூடான எஞ்சின் பக்கத்தில் அதைக் கழற்றவே கூடாது, அதுவும் ஆம்னியில் எஞ்சின் இருப்பது முன் இருக்கைக்கு அடியில்.

வண்டியில் ஒரு சிறு நோட்டு வையுங்கள். எந்த நாள், எத்தனை மணி, எத்தனை கிலோமீட்டர் ஓடியபின் நின்றது, டேங்கில் எவ்வளவு பெட்ரோல், விளக்கு எரிந்ததா, பம்ப் சத்தம் கேட்டதா, எத்தனை நிமிடத்தில் திரும்பக் கிளம்பியது என்று எழுதுங்கள். மூன்று நான்கு பதிவு சேர்ந்தாலே நல்ல மெக்கானிக்குக்கு வழி தெரிந்துவிடும். பழுதுக்காகக் கடனுதவி மனு தருபவர்கள் அந்தப் பக்கத்தின் நகலையும், எந்தச் சோதனை செய்து எந்தப் பாகத்தை மாற்றச் சொல்கிறார் என்று மெக்கானிக் எழுதித் தரும் இரண்டு வரியையும் மனுவோடு இணைத்துத் தாருங்கள்.